அம்மா வாய் திறந்தாள்

பாப்பாவுக்கு,

நீ எங்ககிட்ட சொல்லாம அவரோட போய்க் கல்யாணம் பண்ணிக்கிட்ட நாள்லேர்ந்து அம்மா உன் பேச்சையே எடுக்கலை. பல்லைக் கடிச்சுக்கிட்டே இருந்தா. கடைசியில தாடை இறுகிப்போய், ஒரு விரல்கூட வாய்க்குள்ள நுழையலை. கழுத்தும் திரும்பலை.

பிசியோதெரபி டாக்டரம்மா பயிற்சி சொல்லிக் கொடுத்தாங்க. சுவரை ஒட்டி நிமிர்ந்து நின்னு, நாக்கை மேலண்ணத்துல வச்சு, மெதுவா வாயைத் திறக்கணும். "தனியா செய்ய வெக்கமா இருக்கு"ன்னா அம்மா. அதனால நானும் பக்கத்துல நின்னு மீன் மாதிரி திறந்து திறந்து மூடினேன். கண்ணாடியில எங்களைப் பார்த்து அவளே சிரிச்சுட்டா.

நேத்து மூணு விரல் நுழைஞ்சுது. "இனிமே நல்லா மென்னு சாப்பிடலாம்"னு டாக்டரம்மா சொன்னாங்க. வெளியே வந்ததும் அம்மா என் பக்கம் திரும்பி, "மாப்பிள்ளைக்கு என்ன சாப்பாடு பிடிக்கும்னு கேளுங்க"ன்னா.

இதோ, கேட்டுட்டேன். பதில் எழுத வேணாம். ரெண்டு பேரும் நேர்ல வந்து சொல்லுங்க.

அப்பா