உன் மஞ்சள் மழைக்கோட்டு

என் வீட்டு மேலதிகாரி அம்மாவுக்கு,

உன் அடங்காத புருஷன் எழுதிக்கிறது. நானும் சைக்கிளும் சௌக்கியம். நீயும் பொண்ணும் மாப்பிள்ளையும் நல்லா இருக்கீங்கன்னு போன்லயே கேட்டுக்கிட்டேன். பேரன் அழற சத்தமும் கேட்டுச்சு. தொண்டை உன்னோடதுதான், சந்தேகமே இல்ல. போன்ல பேசும்போது பொண்ணு பக்கத்துலயே நிக்கிறதால சில விஷயம் வாயில வரல. அதான் பேனாவை எடுத்தேன். எழுத்து கோணலா இருந்தா சிரிக்காதே, நான் படிச்ச படிப்பு உனக்குத் தெரியாததா?

இங்க மழை விடவே இல்ல. சைக்கிள்ல வேலைக்குப் போக எதை மாட்டிக்கிறதுன்னு ஒரு வாரமா மண்டையை உடைச்சிக்கிட்டேன். முதல்ல ஒரு கையில குடை பிடிச்சேன். பாலத்து மேல ஒரு காத்து அடிச்சுது பாரு, குடை மேல போச்சு, நான் கீழ போனேன். முழங்கால்ல சின்ன சிராய்ப்புதான், பதறாதே. அடுத்து என்னோட நீளக் கோட்டு. அதுல பாதியை செயின் தின்னுடுச்சு. அப்புறம் மெத்தை வாங்கினப்ப வந்த பிளாஸ்டிக் உறையில ஓட்டை போட்டுத் தலையை விட்டேன். மழை ஒரு சொட்டு உள்ள வரல. ஆனா வேர்த்து ஊத்தி, சலவைக்கூடத்துக்குப் போய்ச் சேரும்போது சொட்டச் சொட்ட நின்னேன். பெரியவரை இஸ்திரி மேசைக்கு அனுப்பாதீங்க, முதல்ல பிழியற மிஷின்ல போடுங்கன்னு எல்லாப் பயலும் ஒரே சிரிப்பு.

கடைசியில வேற வழியில்லாம உன் மஞ்சள் கோட்டை எடுத்து மாட்டினேன். கோவிச்சுக்காதே, தையல் எங்கயும் விடல. இப்ப சமைக்கிறது நான்தானே, உடம்பு இளைச்சு உன் அளவுக்கு வந்துடுச்சு. கோட்டு இடுப்போட நிக்குது, செயினுக்கு எட்டல. மணிக்கட்டுல எலாஸ்டிக் வச்சிருக்கே. கோட்டுத் தொப்பிக்குப் பின்னால ஒரு மடிப்புப் பிடிச்சுத் தைச்சிருக்கே. தலையைத் திருப்பினா அதுவும் கூடவே திரும்புது, பின்னால வர்ற லாரி தெரியுது. இதெல்லாம் எப்பம்மா பண்ணினே? இத்தனை வருஷம் உன் பின்னாலயே ஓட்டிக்கிட்டு வந்தவன், எலுமிச்சம்பழம் கிளம்பிடுச்சுன்னு கேலி பண்ணினதோட சரி.

அதுக்கப்புறம்தான் கூத்து. பங்ச்சர் கடைக்காரர் பின்னாலருந்து பார்த்துட்டு, அக்கா எப்ப வந்தீங்கன்னு மழையில நனைஞ்சுக்கிட்டே ஓடி வந்தார். என் மீசையைப் பார்த்ததும் மனுஷன் முகம் காத்துப் போன டியூப் மாதிரி ஆயிடுச்சு. சலவைக்கூடத்து மேற்பார்வை அம்மா ஜன்னல் வழியா மஞ்சளைப் பார்த்துட்டு, நான் உள்ள நுழையறதுக்குள்ள உன் தையல் மிஷின் உறையை எடுத்துத் தூசி தட்டி வச்சுட்டாங்க. நான்தான்னு தெரிஞ்சதும் மறுபடி மூடினாங்க. நான் அங்க நிக்கல, இஸ்திரிப் பெட்டியைத் தேடிக்கிட்டுப் போயிட்டேன்.

சாயங்காலம் என்கிட்ட வந்து கேட்டாங்க, அக்கா திரும்பி வருவாங்களா, இல்ல அந்த இடத்துல வேற ஆளை உட்கார வைக்கலாமான்னு. மாசக் கடைசிக்குள்ள சொல்லணுமாம். கேட்டுச் சொல்றேன்னேன். இதோ கேட்டுட்டேன்.

அம்மா இங்கயே இருக்கட்டுமேன்னு பொண்ணு போன்ல சொன்னப்ப, தாராளமா இருக்கட்டும்னு பெரிய மனுஷன் மாதிரி பேசினது நான்தான். இல்லேன்னு சொல்லல. குழந்தையும் உன் கைக்குப் பழகிடுச்சு. நான் ஒண்ணும் உன்னை வான்னு கூப்பிடல. பங்ச்சர் கடைக்காரர்தான் பாவம்.

கோட்டை வழக்கம்போலக் கதவுக்குப் பின்னால ஆணியிலதான் மாட்டறேன். நேத்து முகம் கழுவிட்டு வரும்போது, அதைப் பார்த்து சாப்பாடு ஆச்சான்னு கேட்டுட்டேன். நீயா இருந்தா நாலு திட்டாவது விழுந்திருக்கும்.

பேரனுக்கு என் முத்தம். மீசை குத்தாம நீயே கொடுத்துடு. எல்லாரும் ஒரு குறையும் இல்லாம நல்லா இருங்க. மழை பெய்யற வரைக்கும் இந்தக் கோட்டைப் போட்டுக்க எனக்கு ஒரு சாக்கு இருக்கு. வெயில் வர்றதுக்குள்ள ஒரு முடிவு எழுது, எலுமிச்சம்பழமே.

இப்படிக்கு,
உன் பின்னாலயே சைக்கிள் ஓட்டிப் பழகினவன்