அப்பா குறைக்காத ஒரு செலவு

அன்புள்ள சின்னவனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும், அங்கே அக்கா வீட்டிலும் எல்லோரும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் நன்றாக இருக்கிறோம், நீயும் அங்கே நன்றாக இருப்பதாகப் போனில் சொல்கிறாய், அதில் பாதியைத்தான் நம்புகிறேன், மீதியை நீ நேரில் வந்து நிற்கும்போது உன் கன்னத்தைப் பார்த்து நம்பிக்கொள்கிறேன். போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று கேட்பாய். என் போனைத்தான் வீண் செலவு என்று நிறுத்திவிட்டோமே, இப்போது வீட்டுக்கு ஒரே போன், அது அப்பாவின் சட்டைப் பையில். நீ கூப்பிட்டால் எடுத்து, உன்னிடம் ஒரு வார்த்தை பேசாமல் “இந்தா” என்று என் பக்கம் நீட்டிவிட்டு, அங்கேயே உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருப்பார், காது மட்டும் முழுசாக நம் பேச்சில் இருக்கும். அந்த லட்சணத்தில் நான் என்னத்தைப் பேச. எதிர்வீட்டு நர்ஸ் உன் ஊருக்கே வேலைக்கு வருகிறாள், அவள் கையில் இதைக் கொடுத்துவிடுகிறேன், தபால் செலவும் மிச்சம். போன வாரம் பேசும்போது, கடன் மொத்தமும் தீர்ந்த பிறகுதான் வீட்டுப் பக்கம் வருவேன், அதுவரைக்கும் அப்பா முகத்தில் முழிக்க எனக்குத் தைரியம் இல்லை என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாய். அன்றைக்குப் பூராவும் எனக்கு வேலையே ஓடவில்லை, ஒரு திரைச்சீலையைத் தலைகீழாகத் தைத்துப் பிரித்தேன். அதற்குப் பதில்தான் இது, நீளமாகத்தான் இருக்கும், பொறுமையாகப் படி.

முதலில் கடன் விஷயம். உன் ஜெராக்ஸ் கடைக்காக வீட்டுப் பத்திரத்தை வைத்து வங்கியில் வாங்கியதற்கு இந்த வருஷம் ஒரு தவணைகூடத் தவறவில்லை. கைமாற்று வாங்கியதெல்லாம் கொடுத்தாகிவிட்டது. என் வளையல்களை மீட்டாகிவிட்டது, ஆனால் போட்டுக்கொள்வதில்லை, தையல் மெஷினில் இடிக்கிறது. இன்னும் பாக்கி இருக்கிறது, இல்லை என்று உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், ஆனாலும் வங்கியிலிருந்து போன் வந்தாலே எடுக்காமல் தலையணைக்கு அடியில் வைத்த காலம் போய்விட்டது, இப்போது அந்தப் பெண் கூப்பிட்டால் சௌக்கியமா என்று கேட்கிறேன், அவளுக்குத்தான் என்ன சொல்வதென்று தெரியவில்லை. நீ அனுப்புவது ஒரு பங்கு என்றால் நாங்கள் இங்கே மிச்சம் பிடிப்பது ஒரு பங்கு. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி என்று நினைத்துக் கண்ணைக் கசக்காதே, சாப்பாட்டில் நான் கை வைக்கவில்லை. அக்காவும் நானும் மளிகையை மொத்தக் கடையில் மூட்டையாக வாங்கிப் பிரித்துக்கொள்கிறோம், பிரிக்கும்போது அவள் பக்கம் ஒரு பிடி அதிகமாகப் போகிறது, பெற்ற பெண்தானே என்று விட்டுவிடுகிறேன். பேப்பரை நிறுத்திவிட்டு மாடிவீட்டு வாத்தியாரிடம் ஒருநாள் பழைய பேப்பரை வாங்கிக்கொள்கிறோம், அப்பா அதைப் படித்துவிட்டு நேற்றைய செய்தியை இன்றைக்குப் புதுசு போலத் தெருவெல்லாம் சொல்கிறார். கேபிள் டிவியை நிறுத்தியது எனக்கு ஒன்றுமே இல்லை, அப்பாவுக்குத்தான் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது, தொடர் பார்த்துக் கண் கலங்குவது இந்த வீட்டில் யார் என்று உனக்குத் தெரியாதா. கீழே நம் கடையில் இப்போது வாடகைக்கு இருக்கும் முட்டைக்காரர் ஒரு டிவி வைத்திருக்கிறார். தினமும் அந்த நேரம் பார்த்து ஒரே ஒரு முட்டை வாங்கப் போய் அரைமணி நேரம் கல்லாப் பக்கம் நின்றுவிட்டு வருகிறார் உன் அப்பா. முடிவெட்டும் செலவும் மிச்சம், நானே துணி வெட்டும் கத்தரியால் வெட்டிவிட்டேன், நன்றாகத்தான் இருந்தது, பின்பக்கம் கொஞ்சம் கோணல். அதைப் பார்க்க அவருக்குப் பின்னால் கண்ணா இருக்கிறது.

இப்படி எல்லாம் இறங்கியும் கரண்ட் பில் மட்டும் இறங்கவே இல்லை. ஃபேனை அணைத்தேன், துணியைக் கையால் துவைத்தேன், பகலில் ஜன்னலோரம் மெஷினை இழுத்துப் போட்டுத் தைத்தேன், அப்பாவும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு என் பின்னாலேயே வந்து ஒவ்வொரு சுவிட்சாகத் தட்டுவார், பில் என்னவோ குத்துக்கல் மாதிரி அதே இடத்தில். முப்பது வருஷம் மோட்டார் காயில் சுற்றினவர், இந்தத் தெருவில் யார் வீட்டு மிக்ஸி புகைந்தாலும் அவரைத்தான் கூப்பிடுவார்கள், அவர் வீட்டு மீட்டரே அவரை ஏமாற்றினால் மூக்கு விடைக்காதா. என் தையல் மெஷின் மோட்டார்தான் திருட்டுத்தனமாக இழுக்கிறது என்று அதைக் கழற்றிப் பார்த்து, ஒன்றும் இல்லாமல் திரும்ப மாட்டினார், அன்றைக்கு என் வேலை கெட்டதுதான் மிச்சம். மூன்று மாசத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் இருக்கும் அத்தனையையும் அணைத்துவிட்டு மீட்டர் முன்னால் போய் நின்றார். அந்தச் சிவப்பு விளக்கு அப்போதும் மின்னிக்கொண்டே இருக்கிறது. “எல்லாத்தையும் அணைச்சாச்சு, இது யாருக்குடி மின்னுது?” என்று என்னிடம் கோபித்துக்கொண்டார், ஏதோ நான்தான் மின்னுகிற மாதிரி. கோபத்தில் மெயின் சுவிட்சைப் பிடித்து இறக்கினார். இறக்கின மறுநொடி கீழேயிருந்து முட்டைக்காரர், “அண்ணே, ஃபிரிட்ஜ் நின்னுபோச்சு, ஓடி வாங்க!” என்று சத்தம் போடுகிறார்.

போய்ப் பார்த்தால் அவருடைய பெரிய ஃபிரிட்ஜ் கடையின் பின்சுவர் பிளக்கில் சொருகியிருக்கிறது, அந்த பிளக் நம் வீட்டு லைனில் இருக்கிறது. கடைக்கென்று தனி மீட்டர் உண்டு, அதற்கு அவர் ஒழுங்காகப் பணம் கட்டிக்கொண்டுதான் இருக்கிறார். “கரண்டே இழுக்காத ஃபிரிட்ஜுன்னு சொல்லித்தான் கடையில குடுத்தாங்க, பில்லும் கம்மியா வந்துச்சு, நானும் நம்பிட்டேன் அண்ணே” என்று அவர் தலையைச் சொறிகிறார், எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அப்பா சிரிக்கவில்லை. ஸ்டூல் போட்டு ஏறி மேலே இருந்த பெட்டியைத் திறந்து பார்த்தார், உள்ளே கறுப்பு டேப் சுற்றிய ஒரு இணைப்பு. யார் சுற்றியது என்று கேட்கவே வேண்டாம், அந்த மாதிரி நறுக்கென்று மடித்து ஒட்டுவது அவர் கைதான். உன் கடை திறப்பதற்கு முந்தின நாள் வரைக்கும் மீட்டர் வந்து சேரவில்லையே, பையன் கடை இருட்டாகத் திறக்கக் கூடாது என்று நம் வீட்டிலிருந்து ஒயர் இழுத்தார், நீ டார்ச் பிடித்தாய். மீட்டர் வந்ததும் விளக்கையெல்லாம் மாற்றினவர் பின்சுவர் பிளக்கை மட்டும் மறந்தே போய்விட்டார், கடை மூடின பிறகும் அது அப்படியே நம் தலையில் ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஊருக்கெல்லாம் கரண்ட் பார்க்கிறவர் செய்கிற காரியமா இது என்று கேலி செய்யத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் அவர் ஸ்டூலிலிருந்து இறங்கி முட்டை அட்டைகளுக்கு நடுவில் தரையில் உட்கார்ந்துவிட்டார், உன் ஜெராக்ஸ் மெஷின் இருந்த மூலையையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் ஸ்டூலை எடுத்து ஓரமாக வைத்தேன். முட்டைக்காரர் நல்ல மனுஷர், பழைய பில்லுக்குத் தன் பங்கை மாசாமாசம் வாடகையோடு சேர்த்துத் தருகிறேன் என்றார், தந்துகொண்டும் இருக்கிறார். இந்த மாசம் பில்லைப் பார்த்து நான் இரண்டு தடவை கண்ணாடியைத் துடைத்தேன், அவ்வளவு கம்மி.

அந்தக் குஷியில் எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது, அடுத்தது போன் செலவுதான் என்று அவர் காதுபடச் சொல்லிவிட்டு இறங்கினேன். அப்பா குளிக்கப் போன நேரம் அவர் போனை எடுத்துக்கொண்டு முக்குக் கடைக்குப் போய், இருப்பதிலேயே சின்ன ரீசார்ஜாகப் போடுங்கள், பேசுவதே பிள்ளை ஒருத்தனிடம்தான், அதுவும் அவன்தான் கூப்பிடுகிறான் என்றேன். ரீசார்ஜ்காரர் போனைப் பார்த்துவிட்டு, “ரெண்டு நம்பருக்கும் மாசாமாசம் போடுறாரே, எதைக் குறைக்கணும் அக்கா?” என்று கேட்டார். எது அந்த இரண்டாவது என்று எனக்குத் திக்கென்றது. இந்த வயதில் இவருக்கு எதற்கு இன்னொரு நம்பர் என்று ஒரு நிமிஷம் என் புத்தி எங்கெங்கோ போனது, உன்னிடம் சொல்லுவதற்கென்ன, வெட்கம்தான். ரீசார்ஜ்காரர் அந்த நம்பரை வாசித்தார். பாதி வாசிக்கும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. உன் நம்பர், சின்னவனே. கடைப் பலகையில் பெரிசாக எழுதி வைத்தாயே அது, போகும்போது சிம்மைக் கழற்றி மேஜையில் போட்டுவிட்டுப் போனாயே அதேதான். அதை எடுத்துத் தன் போனிலேயே இரண்டாவது சிம்மாகப் போட்டு, நீ போனதிலிருந்து ஒரு மாசம் விடாமல் பணம் கட்டி உயிரோடு வைத்திருக்கிறார். டீத்தூளில்கூட அளவு சொல்கிற மனுஷர். எதற்குப் போடுகிறார் என்று ரீசார்ஜ்காரரையே கேட்டேன். “நானும் கேட்டேன் அக்கா, விட்டுட்டா கம்பெனிக்காரன் வேற யாருக்காச்சும் குடுத்துடுவான், பையன் வந்தா பழைய நம்பர் வேணும்ல, அப்படின்னாரு” என்றார். கடை வாசலிலேயே எனக்குக் கண் நிறைந்துவிட்டது, தூசி என்று சொல்லிவிட்டு வந்தேன்.

அப்போதுதான் இன்னொன்றும் புரிந்தது. சில நாள் அப்பா மொட்டை மாடிக்குப் போய்ப் போன் பேசுவார், கூட வேலை பார்த்தவர்கள் யாரோ என்று நான் கேட்டதே இல்லை. அன்றைக்குச் சாயங்காலம் துணி எடுக்கிற சாக்கில் பின்னாலேயே போனேன். உன் பழைய வாடிக்கைக்காரர் யாரோ, ஜெராக்ஸ் எடுக்க வேண்டும், கடை திறந்திருக்கிறதா என்று கேட்டிருக்கிறார் போல. “இல்லைங்க, பையன் வெளியூர்ல வேலையா இருக்கான். நல்ல வேலைக்காரன்ங்க அவன். வந்ததும் கூப்பிடச் சொல்றேன்” என்று சொல்லிக்கொண்டிருந்தார். கடைக்கு ஷட்டர் இறக்கின அன்றைக்கு வங்கிக்காரர்கள் முன்னாலேயே உனக்கு ஒரு துப்பும் கிடையாது என்று கத்தின அதே வாய்தான். அதை நீ இன்னும் சுமந்துகொண்டிருக்கிறாய், அவரும்தான் சுமந்துகொண்டிருக்கிறார், சொன்ன வாயை உன்னிடம் திரும்ப எப்படித் திறப்பது என்று தெரியாமல் திண்டாடுகிறார் என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. நான் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. காட்டினால் ஏதோ ஆஃபர் போட்டிருந்தான், சும்மா கிடைத்தது என்று சமாளிப்பார். ராத்திரி சாப்பிடும்போது, “போன் செலவைக் குறைச்சியா?” என்று தட்டைப் பார்த்துக்கொண்டே கேட்டார். அதுல குறைக்க ஒண்ணும் இல்லைங்க என்றேன். ஒரு கரண்டி சோறு அதிகமாகப் போட்டுக்கொண்டார்.

நீ ஒழுங்காகச் சாப்பிடு, பணம் அனுப்புகிறேன் என்று மத்தியானச் சாப்பாட்டை விடாதே, அந்த அறையில் உன்னோடு இருப்பவர்கள் சமைத்தால் நீயும் பங்கு போட்டுக்கொள், வெளியில் வாங்கினால் காசும் போகும் வயிறும் போகும். ஓவர்டைம் கிடைக்கிறது என்று தூக்கத்தை விற்காதே. நர்ஸிடம் இரண்டு சட்டை கொடுத்தனுப்பியிருக்கிறேன், பள்ளிச் சீருடை தைத்ததில் மிஞ்சின துணி, அளவு பழைய உன் அளவுதான், இப்போது தொளதொளவென்று இருந்தால் எனக்கு உண்மையைச் சொல். இந்த மாசம் பணம் அனுப்பாதே, அதை வைத்து டிக்கெட் எடு. தவணையை நாங்கள் கட்டிக்கொள்கிறோம், முட்டைக்காரர் ஃபிரிட்ஜ் புண்ணியத்தில் அதற்கு வழி இருக்கிறது. கடன் தீர்ந்தால்தான் வருவேன் என்பதெல்லாம் வேண்டாம், கடன் வங்கிக்குத்தான், எங்களுக்கு நீ ஒன்றும் பாக்கி இல்லை.

நோய்நொடி இல்லாமல், படுத்ததும் தூக்கம் வருகிற மனசோடு நீ நூறு வருஷம் இருக்க வேண்டும். ஒன்றே ஒன்று மறக்காதே. வெள்ளிக்கிழமை சாயங்காலம் நான் அக்கா வீட்டுக்குப் போய்விடுவேன், அப்பா மட்டும் வீட்டில் இருப்பார். எப்போதும் கூப்பிடுகிற நம்பருக்குக் கூப்பிடாதே, உன் பழைய நம்பருக்கே கூப்பிடு. வாடிக்கைக்காரர் யாரோ என்று நினைத்து, கடை மூடியிருக்கு, பையன் வெளியூரில் இருக்கிறான் என்று ஆரம்பிப்பார். நான்தாம்ப்பா என்று சொல்.

இப்படிக்கு,
உன் நினைப்பாகவே இருக்கும் அம்மா