கல்லரசனிடம் மூன்றே தோல்வி

மார்ச் 4, செவ்வாய்

காலையிலேயே மாப்பிள்ளையோடு மோதல். காரணம், கல்லரசன்.

மகளும் மாப்பிள்ளையும் இன்னும் நாலு பேரும் மூன்று வருடமாகச் செய்துகொண்டிருக்கும் வீடியோ கேமின் கடைசி பாஸ் அவன். ஊர் ஊராகச் சுற்றி, ஆயுதம் சேர்த்து, எல்லோரையும் ஜெயித்து வந்த பிறகு எதிரே நிற்கும் பெரிய எதிரி. படம் வரைவது மகள், சண்டைகளை அமைப்பது மாப்பிள்ளை. இந்த மாதக் கடைசியில் வெளியீட்டாளர் வருகிறார். கேமே தெரியாத பதினைந்து பேரை உட்காரவைத்துப் பார்ப்பாராம். அவருக்குப் பிடிக்காவிட்டால் கம்பெனியை மூட வேண்டியதுதான் என்கிறாள் மகள். அதனால்தான் கேமே தெரியாத நான் ஒரு மாதமாக விளையாடிக்கொண்டிருக்கிறேன்.

கல்லரசன் சம்மட்டியை வீசும் முன் அவன் இடது தோள் இறங்கும். அதைப் பார்த்து உருண்டு தப்பிக்கலாம். நியாயம். ஆனால் பாதி உயிர் போனதும் தரையை ஒரு உதை உதைக்கிறான். முன்கூட்டி ஒரு அறிகுறியும் கிடையாது.

"கூட்டல் மட்டும் நடத்திட்டு, பரீட்சையில வகுத்தல் கேட்டா புள்ள என்ன பண்ணும் மாப்பிள்ளை?" என்றேன்.

"அத்தை, இது உங்க கிளாஸ் இல்ல. தோத்துத் தோத்துதான் கத்துக்கணும்."

"எதனால தோத்தோம்னு தெரிஞ்சாத்தானே கத்துக்க முடியும்?"

"வயசானா கை வேகம் குறையும். அதுக்குக் கேமைக் குறை சொல்லாதீங்க."

மகள் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரும்பவே இல்லை.

மார்ச் 5

வயசாம்.

மார்ச் 7

இன்று மட்டும் நாற்பத்தொரு தடவை செத்தேன். ஒருமுறைகூட ஜெயிக்கவில்லை.

மாலையில் படிவம் நிரப்ப வேண்டும். எத்தனை முறை தோற்றீர்கள்? 'மூன்று' என்று எழுதினேன். ஜெயித்தீர்களா? 'ஆம், நான்காவது முறை.' கடினம் பத்துக்கு எவ்வளவு? 'இரண்டு.'

தோல்விகளைக் கேமே எண்ணிக்கொள்ளும் வசதி உண்டு. என் கணினியில் அதை மாப்பிள்ளை போடவில்லை. "கணக்கு டீச்சர் எண்ணினா தப்பாகுமா?" என்று அவரே சொன்னார். என்னிடம் அவர் இதுவரை சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான்.

ஒரு எழுத்துகூடக் கோணவில்லை. அதுதான் ஆச்சரியம்.

மார்ச் 8

மாப்பிள்ளை படிவத்தை இரண்டு முறை படித்தார்.

"நாலாவது தடவையிலயேவா?"

"கை வேகம்தான் மாப்பிள்ளை."

முகம் விழுந்துவிட்டது. மத்தியானம் ஒரு கரண்டி சோறு கூடுதலாகவே இறங்கியது எனக்கு.

மார்ச் 12

கேமின் புதுப் பிரதி வந்தது. முன்பு தோள் இறங்க ஒரு நொடி ஆகும். இப்போது அரை நொடி. உதையிலோ எந்த மாற்றமும் இல்லை. "உங்களுக்கே இவ்வளவு சுலபம்னா மத்தவங்க தூங்கிடுவாங்கல்ல?" என்றார். குரலில் அத்தனை குத்தல்.

ஐம்பத்தெட்டு சாவு. 'ஐந்து' என்று எழுதினேன்.

காப்பியடித்து மாட்டிய பிள்ளைகளிடம் கேட்டிருக்கிறேன் — முதல் கேள்விக்குப் பார்த்து எழுதினாய் சரி, தெரிந்த இரண்டாம் கேள்விக்கும் ஏன் பார்த்தாய்? ஒருவரும் பதில் சொன்னதில்லை. இப்போது என்னைக் கேட்டாலும் சொல்ல மாட்டேன்.

உண்மைக் கணக்கை மட்டும் இந்த நோட்டின் கடைசித் தாளில் கோடு போட்டு வைக்கிறேன். சம்மட்டியால் எத்தனை, உதையால் எத்தனை, ஓடும்போது தூணில் முட்டி எத்தனை என்று தனித்தனியாக. பழக்கதோஷம்.

மார்ச் 16

அறுபத்துமூன்று. எழுதியது நான்கு.

மகள் கேட்டாள்: "அம்மா, நிஜமாவே ஜெயிச்சியா? எனக்கே முடியலையே."

"நீ கவனமா பாக்கல" என்றேன்.

படிவத்தில் எழுதிய பொய்யெல்லாம் மாப்பிள்ளைக்கு. இது அவளுக்கு.

மார்ச் 28

பதினைந்து பேரில் ஒருவர்கூட ஜெயிக்கவில்லை. இரண்டு பேர் பாதியில் எழுந்து போனார்களாம். ஒருவர் கன்ட்ரோலரை மேசைமேல் எறிந்துவிட்டு, "இது கேமா, தண்டனையா?" என்றாராம். வெளியீட்டாளர் பத்து நாள் கொடுத்திருக்கிறார். அதற்குள் சரியாகவில்லை என்றால் ஒப்பந்தம் கிடையாது.

வீட்டுக்கு வந்தும் மாப்பிள்ளை அடங்கவில்லை. மகளைப் பார்த்துக் கத்தினார். "கேம்ல ஒரு தப்பும் இல்ல! உங்கம்மா நாலே தடவையில முடிச்சாங்க. இவனுங்களுக்கு என்ன கேடு?" வெளியீட்டாளரிடமும் என் படிவத்தைத்தான் எடுத்துக் காட்டினாராம். கதவுக்கு இந்தப் பக்கம் நின்று கேட்டேன்.

மார்ச் 29

சொல்லிவிட்டேன். காலை, சாப்பாட்டு மேசையில், இருவர் முன்பும். நாற்பத்தொன்று, ஐம்பத்தெட்டு, அறுபத்துமூன்று. ஜெயித்தது ஒருமுறையும் இல்லை.

மாப்பிள்ளை கத்தவில்லை. கத்தியிருக்கலாம்.

"அன்னிக்கு வயசுன்னு சொன்னதுக்கா?"

"ஆமா."

"ஒரு வார்த்தைக்கு ஆறு பேர் பிழைப்பா அத்தை?"

நீங்களும் அந்த உதையை ஒருதரம் யோசித்திருக்கலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கினேன். அது வேறு கணக்கு.

மகள்தான் கேட்டாள். "உன் கிளாஸ்ல ஒருத்தி இப்படிப் பண்ணியிருந்தா என்ன பண்ணியிருப்ப?"

"பேப்பரைப் பிடுங்கி வெளியே அனுப்பியிருப்பேன்."

எழுந்து போய் என் அறையிலிருந்த கன்ட்ரோலரை எடுத்துக்கொண்டாள். நான் நோட்டின் கடைசித் தாளைத் திறந்து மாப்பிள்ளை பக்கம் நகர்த்தினேன். கொஞ்ச நேரம் பார்த்தார். கேட்காமலே கிழித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனார்.

ஏப்ரல் 2

நாலு நாளாக இந்த வீட்டில் என்னோடு பேசுவது குக்கர் மட்டும்தான்.

ஏப்ரல் 8

பதினைந்து பேரில் ஒன்பது பேர் ஜெயித்தார்கள். வெளியீட்டாளர் கையெழுத்துப் போட்டுவிட்டார். மகள் என் அறை வாசலில் நின்றபடியே சொன்னாள், உள்ளே வரவில்லை.

உன் தாளில் நூற்றுச் சொச்சம் சாவு உதையால்தான், அதை எண்ணிப் பார்த்துவிட்டு அவர் ராத்திரி சாப்பிடவில்லை என்றாள். தோள் இறங்க மறுபடியும் ஒரு நொடி ஆகிறதாம். முதல் ஊரின் பாலத்தில் ஒரு குட்டிக் கல்வீரனை நிறுத்தியிருக்கிறாராம். அவன் காலை மெதுவாகத் தூக்கி, இரண்டு நொடி அப்படியே வைத்திருந்து, அப்புறம்தான் உதைப்பான். கல்லரசனும் இப்போது காலைத் தூக்கிவிட்டுத்தான் உதைக்கிறான்.

"நடத்திட்டுத்தான் கேள்வி கேக்கறாரு" என்றாள். சிரிக்கவில்லை. "நான் சொன்னேன்னு அவர்கிட்ட காட்டிக்காத."

ஏப்ரல் 11, வெள்ளி

சாயங்காலம் மாப்பிள்ளை என் அறைக்கு வந்தார். ஒரு கையில் கன்ட்ரோலர், மறு கையில் சமையலறை நாற்காலி. புதிதாக ஒரு பாஸ் செய்திருக்கிறாராம், கயிறு வீசும் ராணி.

"படிவம் எங்க?" என்றேன்.

"படிவமெல்லாம் கிடையாது. நான் பின்னாடி உக்காந்து பாக்கறேன்."

நாற்காலியை என் முதுகுக்கு நேர் பின்னால் போட்டார். முப்பத்துநாலு வருடம் தேர்வறையில் நான் நின்ற இடம். கழுத்துப் பின்புறம் முழுக்கக் கூசியது. கூசட்டும்.

பத்து நொடியில் செத்தேன்.

"ஒண்ணு" என்றார்.

அப்புறம் "ரெண்டு". அப்புறம் "மூணு". கண்டக்டர் டிக்கெட் எண்ணுகிற குரல், ஒரு இரக்கமும் கிடையாது. ஏழில் நிறுத்தினார்.

"இப்ப எதுல செத்தீங்க?"

"கயித்துல. வர்றதே தெரியல."

பின்னால் பென்சில் எழுதும் சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்சம் நீளமாகவே எழுதினார்.