அமுலுவுக்கு இரண்டு டாக்டர்கள்

செப்டம்பர் 8, திங்கள்

விடியும்போதே புழுக்கம். மழை வருகிற மாதிரி வந்து போய்விட்டது. வாங்க வேண்டியது: ரிப்பன், துணி சோப்பு, பிளேடு. மாத்திரை இரண்டும் இந்த வாரத்துக்கு இருக்கிறது.

வேலைக்குப் போகும் வழியில் பள்ளிக்கூடத்து மிஸ் கூப்பிட்டார். போச்சுடா என்று போனேன். அமுலு இப்போது பெஞ்சை விட்டு எழுந்திருப்பதே இல்லையாம். தெலுங்கில் ‘பங்காரம்’ என்றார். என் மகள், தங்கம்! அதே வாசலில் இரண்டு வருடம் நின்று திட்டு வாங்கியவன் நான். ஒர்க்‌ஷாப்பில் எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடுத்தேன்.

சாயங்காலம் டப்பாவைத் திறந்தால் தயிர்சாதம் வைத்தது வைத்தபடி. இந்த வாரத்தில் மூன்றாவது தடவை.

செப்டம்பர் 10, புதன்

என் வீட்டுக்காரி கௌரி குவைத்திலிருந்து கேட்டால் சொல்ல வேண்டும். எழுதி வைக்கிறேன்.

தி.டா. (திருப்பதி டாக்டர்): பெரிய கூட்டம். மூன்று நிமிடம். மிஸ் எழுதிக் கொடுத்த கடிதத்தைப் படித்தார், நாலு இங்கிலீஷ் எழுத்தில் ஒரு வியாதிப் பெயர் சொன்னார், வெள்ளை மாத்திரை. அரைகுறைக் குணம்.

சி.டா. (சித்தூர் டாக்டரம்மா): மச்சான் கூட்டிக்கொண்டு போனார். தமிழ் பேசுகிறார். முக்கால் மணி நேரம். எடை, உயரம், தூக்கம், சாப்பாடு எல்லாம் கேட்டார். மஞ்சள் மாத்திரை. ஒரு மாதம் கழித்து வரச் சொன்னார்.

வேறு மருந்து ஏதாவது கொடுக்கிறீர்களா என்றும் அன்றைக்கே கேட்டார். இல்லை என்றேன். திருப்பதிச் சீட்டு வீட்டில் பெட்டிக்கடியில் இருந்தது. அமுலுவிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று சொல்லித்தான் கூட்டிப் போனேன்.

எங்கள் குடுபல்லிப் பக்கம் சோசியக்காரனிடம் போனால் வந்த காரியத்தைச் சொல்ல மாட்டோம். அவனே சொல்ல வேண்டும். டாக்டரிடமும் அதே கதைதான். பழைய சீட்டைக் காட்டாமல் போய் உட்காருவோம். தானாகக் கண்டுபிடிக்கிறவர் கெட்டிக்காரர். யார் கெட்டிக்காரர் என்று தெரிகிறவரை வெள்ளையை நிறுத்தவும் பயம். நிறுத்தி, மறுபடி ஆட்டம் ஆரம்பித்தால் பள்ளிக்கூடத்தில் டி.சி. கிழித்துக் கொடுத்துவிடுவார்கள். அதனால் இரண்டு வாரமாகக் காலையில் வெள்ளை ஒன்று, மஞ்சள் ஒன்று.

செப்டம்பர் 12, வெள்ளி

கௌரிக்கு லீவு நாள். போன் வந்தது. அமுலு “ம்” என்றாள், “ம்” என்றாள், என்னிடம் கொடுத்துவிட்டாள்.

“புள்ள ஏன் பேசவே மாட்டேங்குது? முன்னல்லாம் போன புடுங்கிக்கினு வுடாதே.”

படிப்பில் கவனம் வந்துவிட்டது, அதுதான் என்றேன். சாப்பிடுகிறாளா என்று கேட்டாள். ஒரே கேள்வியை நாலு தடவை கேட்டாள். எனக்குச் சுருக்கென்று வந்துவிட்டது.

“நீ அங்க ஊரான் புள்ளைங்கள பாத்துக்கினு இரு. இத நான் பாத்துக்கறேன்.”

சரி என்று வைத்துவிட்டாள். அவளை அனுப்பிவைத்ததே நான்தான். ஏஜென்டிடம் கையெழுத்துப் போட்டதும் நான்தான். என்ன வாய் இது.

செப்டம்பர் 14, ஞாயிறு

துணி துவைத்தேன். மண்ணெண்ணெய் தீர்ந்துவிட்டது.

அமுலுவுக்குப் பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. ஊக்குப் போட்டுவிட்டேன். தலை பின்னும்போது கழுத்தில் கை பட்டது. ஓடி வந்தவள் மாதிரி நாடி அடித்துக்கொள்கிறது. காலையிலிருந்து உட்கார்ந்த இடத்தை விட்டு அசையவில்லை அவள். ஜன்னல் கம்பியை நகத்தால் சுரண்டிக்கொண்டே இருந்தாள். கூப்பிட்டால் உடனே திரும்புகிறாள். அதைப் பார்த்துத்தானே இத்தனை நாள் சந்தோஷப்பட்டேன்.

டாக்டரம்மா சொன்ன ஒரு மாதம் முடியப் பத்து நாள் இருக்கிறது. காத்திருக்கப் போவதில்லை. டாக்டரம்மா உட்காருவது புதன்தான். அன்றைக்கே சித்தூர்.

செப்டம்பர் 17, புதன்

லீவு சொல்லிவிட்டு முதல் பஸ். வழியெல்லாம் அமுலு வெளியே பார்த்தபடி.

டாக்டரம்மா எடை பார்த்தார். பழைய காகிதத்தைப் பார்த்தார். இறங்கி ஏறச் சொல்லி மறுபடி பார்த்தார். ஒன்றரை கிலோ குறைவு. நாடி பிடித்தார், முகம் மாறியது. நான் கொடுத்த அளவுக்கு இது அதிகம், வேறு ஏதாவது கொடுக்கிறீர்களா என்றார்.

இல்லை என்றேன். நினைப்பதற்கு முன்னால் வாய் சொல்லிவிட்டது.

என்னை விட்டுவிட்டு அமுலு பக்கம் திரும்பினார். காலையில் என்னென்ன சாப்பிடுகிறாய் கண்ணு என்று கேட்டார். அமுலு அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.

“நைனா, சொல்லட்டுமா?”

இவளுக்கு ஆறு வயதில், பஸ்ஸில் டிக்கெட் இல்லாமல் கூட்டிப் போக ஐந்து ஆகவில்லை என்றேன். “நான் ரெண்டாங்கிளாஸ்” என்று கண்டக்டரிடம் போட்டு உடைத்து, பஸ்ஸையே சிரிக்க வைத்தவள். அவள் வாயை நான் மூடிவைத்திருக்கிறேன், மூன்று வாரம்.

எல்லாம் சொன்னேன். பையிலிருந்து வெள்ளை மாத்திரை அட்டையை எடுத்து வைத்தேன். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். மருந்து ஒன்றேதான். கம்பெனி வேறு, பெயர் வேறு, நிறம் வேறு. இரண்டு பங்கு கொடுத்திருக்கிறேன்.

திட்டுவார் என்று தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். திட்டியிருந்தால் தேவலை.

“நீங்க சொன்னாதாங்க எனக்குத் தெரியும். நாளைக்கு என்கிட்ட வராம வேற யார்கிட்ட போனாலும் சரி, ரெண்டு சீட்டையும் காட்டுங்க.”

ஈ.சி.ஜி. எடுத்தார்கள். பயப்பட ஒன்றும் இல்லையாம். மதியம் வரை அங்கேயே உட்காரவைத்துப் பார்த்தார்கள். வெள்ளை இனிமேல் கிடையாது. மஞ்சள் இரண்டு நாள் நிறுத்தி, பிறகு பாதி. வாராவாரம் எடை.

திரும்பும்போது பஸ்ஸில் கேட்டாள், இனிமேல் எல்லாத்தையும் சொல்லலாமா என்று. சொல்லலாம் என்றேன். யார்கிட்ட வேணும்னாலுமா என்றாள். ஆமாம் என்று சொல்லிவிட்டு முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

தூறல். அமுலு மூன்று தோசை தின்றாள். சட்னிக் கிண்ணம் உடைந்தது. மிஸ் பழையபடி கூப்பிட்டுவிட்டார். சித்தூர் சீட்டைக் காட்டி, பொறுத்துக்கொள்ளச் சொல்லிக் கேட்டேன். பார்க்கலாம் என்றார்.

கௌரியிடம் இன்றைக்குச் சொல்லிவிட வேண்டும். வேலை நேரம் முழுக்க வார்த்தை தேடினேன். முதலில் போன வாரம் பேசியதற்கு மன்னிப்பு. பிறகு மாத்திரை.

போன் அடித்தது. நான் எடுப்பதற்குள் அமுலு பிடுங்கிக்கொண்டு ஓடினாள். கிண்ணம் உடைந்தது, எடை மிஷின், நெஞ்சில் ஒயர் ஒட்டியது, மூச்சு விடாமல் எல்லாம்.

“நைனா ரெண்டு டாக்டர் மாத்திரையும் குடுத்துச்சும்மா. டாக்டரம்மாகிட்ட சொல்லாதன்னுச்சு. இப்ப சொல்லலாமாம்.”

அப்புறம் ரொம்ப நேரம் காதில் வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். போனை என்னிடம் நீட்டினாள்.

“அம்மா அழுவுது. நீ பேசு.”