அக்கா ஊசியை நிறுத்தியது ஏன்

என் அன்பு லில்லி அக்கா,

நீ போய் ஏழு மாசம் ஆகிவிட்டது. நம் ஊர் கம்பளையில் எல்லாம் பழையபடிதான். நீ போய்வந்த ஜெபக்கூடத்தில் இப்போது உன் மகள் ஷாமினி முன்னால் நின்று பாடுகிறாள். என்னைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

நாம் ஞானஸ்நானம் பெற்ற கோயிலை விட்டு நீ அங்கே போனபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சமா? நீ ஆவியில் நிறைந்து, யாருக்கும் புரியாத அந்நியபாஷையில் ஜெபிப்பதை அப்படியே பேசிக் காட்டி, உன் மகள் முன்னாலேயே நக்கலடித்தேன். “எந்த ஆவின்னு சோதிச்சுப் பார்க்காம எப்படி நம்புற?” என்பேன். “நீ ஆவிய சோதிக்கல ரோஸ், என்னையத்தான் சோதிக்கிற” என்பாய்.

பிறகு ஒருநாள் அழுதுகொண்டே வந்தாய், சந்தோஷத்தில். பாஸ்டர் உன் தலையில் கை வைத்து, உன் சீனி வருத்தம், அந்தச் சர்க்கரை வியாதி, போய்விட்டதென்று சொன்னாராம். நான் என்ன சொன்னேன், ஞாபகம் இருக்கிறதா?

“சுகமாயிட்டா ஏன் இன்னும் இன்சுலின் ஊசி போடுற? நாலு நாள் போடாம இருந்து காட்டு. நானும் உன் சபைக்கே வந்துடுறேன்.”

வாதத்தில் ஜெயிக்கத்தான் சொன்னேன் அக்கா. நீ பயந்துவிடுவாய், நான் சிரிக்கலாம் என்று நினைத்தேன். நீ எழுந்து வீட்டுக்குப் போனாய்.

மூன்றாம் நாள் காலை ஷாமினி எனக்குப் போன் எடுத்தாள். “சித்தி, அம்மா விடாம வாந்தி எடுக்கிறாங்க. மூச்சு வாங்குது.”

“உங்க பாஸ்டரக் கூப்பிடு” என்று வைத்துவிட்டேன்.

மத்தியானம்தான் மனசு கேட்காமல் ஓடி வந்தேன். வேன் பிடித்துக் கண்டி ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில், பேராதனை தாண்டும்போது என் மடியில் கண் திறந்தாய். “நாலு நாள் ஆச்சா?” என்று கேட்டாய். அதுதான் உன் கடைசிப் பேச்சு.

உன்னை அடக்கம் செய்தபோது பாஸ்டர், உன் விசுவாசம் பாதியில் தளர்ந்துவிட்டதென்று பிரசங்கித்தார். அடுத்த ஞாயிறு நம் கோயில் போதகர், ஆவிகளைப் பகுத்தறியாதவர்களுக்கு இதுதான் முடிவு என்று உன்னை உதாரணம் காட்டினார். முன்வரிசையில் இருந்த நான் தலையாட்டினேன்.

இப்போது ஷாமினி, அம்மாவின் அவிசுவாசத்தை மன்னிக்கும்படி வெள்ளிக்கிழமைகளில் உபவாசம் இருக்கிறாளாம். நான் விட்ட சவால் அவளுக்குத் தெரியாது. நீ அவளிடம் ஏன் சொல்லவில்லை? கடைசிவரை என்னைக் காப்பாற்றினாயா, அல்லது ஜெயித்த பிறகு சொல்லலாமென்று இருந்தாயா?

நாளைக் காலை அவளிடம் போகிறேன். கதவைத் திறக்காவிட்டால் வெளியே நின்றே, அக்கம்பக்கத்துக்கும் கேட்கும்படி சொல்வேன்: “உங்கம்மா விசுவாசம் குறைஞ்சு சாகல. நான் ரோஷம் ஏத்திவிட்டதாலதான் செத்தா.” அதன்பிறகு அவள் என் முகத்தில் விழிக்காமலே இருக்கட்டும். உனக்காக அவள் பட்டினி கிடக்க விடமாட்டேன், அக்கா. இது சத்தியம்.

வாயாலேயே உன்னைக் கொன்ற
உன் கூடப்பிறந்தவள்,
ரோஸ்