றிலக்ரன்ற் என்று வந்த சேதி

சேசு மரி சூசை
முல்லைத்தீவு
10.2.1958

அன்புள்ள தம்பி மரியநேசனுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீ குருமடத்தில் வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நினைத்து மனதைத் தேற்றிக்கொள்கிறேன். அத்தானுக்குக் கரைவலையில் இந்த மாதம் நல்ல மீன்பாடு.

ஒரு சங்கதி. பூசை முடிந்ததும் பங்குச் சுவாமி என்னைக் கூப்பிட்டு, "உன்ரை தம்பி கொஞ்சம் றிலக்ரன்ற் எண்டு குருமடத்திலை இருந்து அறிவிச்சிருக்கினம்" என்றார். அதற்குள் யாரோ அவசரமென்று அவரை அழைத்துப் போய்விட்டார்கள். உனக்கு ஏதோ பட்டம் கிடைத்துவிட்டதென்று பயற்றம் பணியாரம் சுட்டு வீடு வீடாகக் கொடுத்தேன். "எங்கடை றிலக்ரன்ற் சுவாமி எப்ப வாறார்?" என்று சுசிலா மாமி கேட்கிறா. அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தமடா? திரும்பப் போய்க் கேட்க வெட்கமாக இருக்கிறது.

உன் அக்கா
யூலிற்றா

யாழ்ப்பாணம்
19.2.1958

அன்பான அக்காவுக்கு,

பணியாரக் கதையை வாசித்துச் சிரித்தேன். பிறகு அழுகை வந்தது. அது பட்டமில்லை அக்கா. மனமில்லாமல் பின்னுக்கு நிற்பவனை இங்கிலீசில் அப்படிச் சொல்வார்கள். நாங்கள் படிக்கிற லத்தீனில் இருந்து போன சொல். 'லுக்தாரி' என்றால் மல்லுக்கட்டுதல். முன்னால் 'றே' சேர்ந்தால் எதிர்த்து மல்லுக்கட்டுதல். இங்கிலீசுக்காரன் அதை வெறும் தயக்கமாக்கி மெலிய வைத்துவிட்டான். எனக்கு லத்தீன் அர்த்தம்தான் சரி. இரண்டு வருடமாக மல்லுக்கட்டுகிறேன், ஆண்டவரோடு இல்லை, போடப்போகிற சுவாமி அங்கியோடு. படிக்க ஆசை இருக்கிறது. சுவாமியாக ஆசை இல்லை.

ஏழு வயதில் நான் காய்ச்சலில் சாகக் கிடந்தபோது, பிழைத்தால் குருவாக்குவேன் என்று மாதாவுக்கு நேர்ந்தீர்கள். தாயில்லாத என்னை வளர்த்ததும் நீங்கள்தான். "போடு" என்று ஒரு சொல் எழுதுங்கள், பாஸ்குத் திருநாளுக்குப் பிறகு அங்கியைப் போடுகிறேன். மறுகதை இல்லை.

உங்கள் தம்பி
மரியநேசன்

முல்லைத்தீவு
2.3.1958

தம்பிக்கு,

எனக்கு வந்த கோபத்துக்கு நீ கிட்ட இருந்திருந்தால் அகப்பைக்காம்பால் வாங்கியிருப்பாய். இரண்டு நாள் அத்தானோடும் கதைக்கவில்லை. அந்த மனிசன் என்ன பாவம் செய்தார்!

பிறகு சுவாமியிடம் போய் அழுதேன். "நேர்ந்தது நீ, பிள்ளை. அதாலை அவனைக் கட்டேலாது. உன்னாலை ஏலுமானதை நீ செய்" என்றார். அந்த நேர்த்திக்குப் பதிலாகச் சனிக்கிழமைகளில் கோவில் கூட்டித் துடைக்க ஒப்புக்கொண்டுவிட்டேன்.

ஊர் சிரிக்கும், சிரிக்கட்டும். உன்னைப் பீடத்தில் பார்க்க ஆசைப்பட்டவள் நான். நோகத்தான் செய்கிறது. அதை மறைத்து எழுத எனக்குத் தெரியாது.

அங்கி போடாதே. பரந்தனில் பஸ் மாறி வீட்டுக்கு வா. அன்று உன் தலைமாட்டில் முழங்காலில் நின்று நான் அழுது கேட்டது ஒரு சுவாமியாரை இல்லையடா, உன் உயிரை. மாதா அதை அன்றைக்கே தந்துவிட்டா.

அக்கா