உன் தோளில் இருந்த கை

என் அருமை மாப்பிள்ளை முருகையா,

என் தங்கை செல்வியை உனக்குக் கட்டிக்கொடுத்த அன்று பெரியவர்கள் என்னைப் பிடித்து உட்காரவைத்துச் சொன்னார்கள்: "ஒண்ணா படிச்சதெல்லாம் சரிதான் தம்பி. இனிமே அவரு வீட்டு மாப்பிள்ளை. வாங்க போங்கன்னு பேசணும்." ஒரு வாரம் முயன்று பார்த்தேன். நான் "வாங்க" என்றதும் நீ திரும்பி யாரைக் கூப்பிடுகிறேன் என்று பார்ப்பாய். அதனால் இந்தக் கடிதத்திலும் நீதான். படிப்பவர்கள் மரியாதை தெரியாதவன் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும்.

முதலில் ஊர்ச் செய்தி. நீ போகும்போது வயல் வெடித்துக் கிடந்தது. இப்போது புதாற்றில் தண்ணீர் ஓடுகிறது, குறுவை நட்டாகிவிட்டது. செல்வியே வயலுக்குப் போகிறாள். அடம்பிடிக்கும் மோட்டாரை நீ கெஞ்சிக் கெஞ்சி ஓட்டுவாய், அவள் திட்டியே ஓட்டிவிடுகிறாள். உன் மகள் யாழினி ஏழாம் வகுப்புக்குப் போய்விட்டாள். உன் சைக்கிளில் கால் எட்டவில்லை என்றாலும் அதில்தான் போவேன் என்று நிற்கிறாள்.

நான் எழுத உட்கார்ந்தது நம் பழைய சண்டையைப் பற்றி. மனுஷனை அதிகமாக அசைத்துப் பார்ப்பது எந்தக் கலை? உரம் வாங்க ஒரத்தநாட்டுக்கு வரும்போதெல்லாம் என் கடையில் உட்கார்ந்து இதைத்தான் பேசினோம். நாகஸ்வரத்துக்கு முன்னால் எதுவும் நிற்காது என்பாய். கோயில் திருவிழாவில் வாசிப்பவருக்குப் பக்கத்திலேயே நின்றுகொண்டு, துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டே கேட்பாய். உன்னோடு நிற்பதற்கே எனக்குக் கூச்சமாக இருக்கும். நான் சினிமாவின் கட்சி. ஆயிரம் பேரை ஒரே நேரத்தில் அழவைக்க வேறு எதனால் முடியும் என்பேன். "இருட்டுல அழுவாங்க, வெளிய வந்து புரோட்டா திம்பாங்க" என்று நீ ஒரே வரியில் முடித்துவிடுவாய்.

என் தொழிலையும் நீ விட்டுவைக்கவில்லை. பேனர் டிசைன் செய்கிறவன் நான். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், பிறகு கண்ணீர் அஞ்சலி. அஞ்சலி பேனருக்கு எல்லாமே கம்ப்யூட்டரில் தயாராக இருக்கும். பின்னால் மேகம், ஒரு பக்கம் குத்துவிளக்கு, ஓரத்தில் பெரிதாக ஒரு கண், அதிலிருந்து சொட்டும் ஒரு துளி. முகத்தையும் பெயரையும் மாற்றினால் வேலை முடிந்தது. நீ அதைப் பார்த்துச் சிரிப்பாய். "ஒம் பேனரப் பாத்து இதுவரைக்கும் ஒரு ஆளு அழுதிருக்கானா மச்சான்? அந்தக் கண்ணு ஒண்ணுதான் அழுவுது."

உண்மையைச் சொன்னால், பேனரைப் பார்த்து அழுத ஒருவரையும் நான் பார்த்ததில்லை. பெயரில் எழுத்து விட்டுப்போய்விட்டது என்று சண்டைக்கு வந்தவர்களைத்தான் பார்த்திருக்கிறேன்.

வைகாசியில் அந்தக் காலை நெஞ்சு வலிக்கிறது என்றாய். தஞ்சாவூர் போய்ச் சேர்வதற்குள் போய்விட்டாய். முப்பத்தெட்டு வயது. யாருக்கும் எதுவும் புரியவில்லை. மத்தியானம் உன் தம்பி வந்து, "அண்ணே, பேனர் நீங்கதான் போடணும்" என்றான். அதை இன்னொரு கடைக்காரன் செய்யவிடுவேனா?

உன்னுடைய படம் ஒன்றைத் தேடினேன். மாப்பிள்ளை, நீ தனியாக நிற்கும் படம் ஒன்றுகூடக் கிடையாது, தெரியுமா? கேமராவைக் கண்டால் பக்கத்தில் நிற்பவனையும் இழுத்துவைத்துக்கொள்வாய். கடைசியில் போன வருடம் எங்கள் அப்பாவுக்குத் திருக்கடையூரில் அறுபதாம் கல்யாணம் செய்தோமே, அந்த பென்டிரைவில் இருந்த அறுநூறு படங்களில் ஒன்றில் நீ கிடைத்தாய். பெரிய கூட்டத்தின் ஓரத்தில் சின்னதாக, வாயெல்லாம் பல்லாக. உன் முகத்தை மட்டும் பார்த்துக்கொண்டே சுற்றி இருந்த எல்லோரையும் வெட்டினேன். யாரை வெட்டுகிறேன் என்று பார்க்கவில்லை. கண் கலங்கிக்கொண்டே இருந்தது, கை மட்டும் பழக்கத்தில் வேலை செய்தது. அச்சடித்துக் கொடுத்துவிட்டு உன் வீட்டுக்கு ஓடினேன்.

அங்கே எல்லோரும் அழுதார்கள். பறை அடித்தார்கள், பெண்கள் கட்டிப்பிடித்துக்கொண்டு ஒப்பாரி வைத்தார்கள். கல் மனசுக்காரன் என்று நீ பட்டம் கொடுத்த நானே பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு அழுதேன். செல்வி மட்டும் அழவில்லை. உன் தலைமாட்டில் உட்கார்ந்து ஈ ஓட்டிக்கொண்டிருந்தாள். "அழுதுடு ஆத்தா, உள்ள வச்சுக்காத" என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். அவள் யாரையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. உன்னைக் கொண்டுபோன பிறகும் அப்படியே இருந்தாள்.

மறுநாள் காலையில்தான் தெருமுனையில் பேனரைச் சரியாகப் பார்த்தேன். பத்தடி உயரத்தில் நீ சிரித்துக்கொண்டிருந்தாய். உன் வலது தோளில் நான்கு விரல்கள். யாருடைய கையோ. ஆளை வெட்டிவிட்டு விரல்களை மறந்துவிட்டிருக்கிறேன். பதினைந்து வருடத் தொழிலில் இப்படி ஒரு தப்பு செய்ததில்லை. மேகத்துக்குள்ளிருந்து ஒரு கை வந்து உன்னைப் பிடித்துக்கொண்டிருந்தது. அவமானமாக இருந்தது. ஏணியைத் தூக்கிக்கொண்டு போனேன்.

அதற்குள் செல்வி அங்கே வந்து நின்றுகொண்டிருந்தாள். பேனரை அண்ணாந்து பார்த்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து, முந்தானையை வாயில் வைத்து அடைத்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடிவந்தார்கள். நான் ஏணியைச் சாத்தியதைப் பார்த்துவிட்டு, "எறக்காதீங்கண்ணே. அது எங் கையி, இருக்கட்டும்" என்றாள்.

அவளோடு முடியவில்லை. உன் அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, "எங் கையி அது. திருக்கடையூர்ல எம் புள்ள தோளப் புடிச்சுகிட்டுதானே படியெறங்குனேன்" என்றார். உன்னோடு டிராக்டர் ஓட்டும் பன்னீர், அது தன் கை என்று கோயிலில் சத்தியம் செய்யாத குறை. அவன் அறுபதாம் கல்யாணத்துக்கே வரவில்லை! சொன்னால், "வேற எங்கயாவது எடுத்த படமா இருக்கும்ணே" என்று என்னையே மடக்கினான். பதினாறு நாளும் அந்தப் பேனருக்குக் கீழே யாராவது ஒருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள்.

எனக்கு ஆச்சரியம் தாங்கவில்லை. சின்னப் படத்தைப் பெரிதாக்கியதில் அந்த விரல்கள் புள்ளி புள்ளியாக உடைந்துபோயிருந்தன. ஆணா பெண்ணா, கிழமா குமரா, ஒன்றும் தெரியவில்லை. அதனால்தான் ஆளுக்கொரு கையைப் பார்த்தார்களோ? நாகஸ்வரத்தில் வார்த்தை கிடையாது, அதனால் அவரவர் கதையை அதில் ஏற்றிக்கொள்ளலாம் என்று நீ சொன்னது இதுதானோ? எந்தக் கலை நமக்கென்று கொஞ்சம் இடம் விடுகிறதோ அதில்தான் அழுகிறோம் என்று நானாக ஒரு முடிவுக்கு வந்தேன். உன்னிடம் சொல்லிக்காட்ட முடியவில்லையே என்று எரிச்சலாகக்கூட இருந்தது.

யாருடைய கை என்று பார்க்க எனக்கு ஒரு நிமிஷம் போதும். பென்டிரைவ் என் மேஜை இழுப்பறையிலேயே கிடந்தது. என்னைப் பற்றி உனக்குத் தெரியும், மூடிவைத்த பாத்திரத்தைத் திறக்காமல் இருக்க மாட்டேன். ஆனாலும் மூன்று மாதம் அதைத் தொடவில்லை. செல்விக்கு இருப்பது அந்த ஒரு கைதான். அது அவளுடையது இல்லை என்று தெரிந்துவிட்டால் அவள் மறுபடியும் அந்த ஈ ஓட்டிய செல்வியாகிவிடுவாளோ என்று பயந்தேன்.

போன வாரம் அவளே கடைக்கு வந்துவிட்டாள். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்திருந்தாள்.

"அண்ணே, அந்தப் படத்தக் காட்டுங்க. அது எங் கையின்னு நான் சொல்றேன், தன் கையிங்கிறா யாழினி. தெனம் இதே பேச்சா இருக்கு."

"அந்த பென்டிரைவ் கெட்டுப்போச்சும்மா."

"ஒங்களுக்குப் பொய் சொல்ல வராதுண்ணே. எடுங்க."

"வேற யாரோட கையாவது இருந்துட்டா என்ன பண்ணுவ?"

சாப்பாட்டுத் தூக்கை மேஜைமேல் வைத்தாள். "யாரு கையின்னு தெரியாமயே இருந்துட்டா, அது அவரு படம் இல்லண்ணே, ஒங்க பேனருதான்" என்றாள்.

திறந்தேன்.

உன் அம்மாவும் இல்லை, செல்வியும் இல்லை, யாழினியும் இல்லை. யாரோ ஒரு பெரியவர், எண்பது வயது இருக்கும். அன்று நமக்குப் பக்கத்திலேயே இன்னும் நாலைந்து குடும்பத்தார் அறுபதும் எண்பதும் செய்துகொண்டிருந்தார்களே, அதில் ஒருவர். கலசத் தண்ணீரை ஊற்றி ஊற்றித் தரையெல்லாம் ஈரம். அவருக்குக் கால் வழுக்கியிருக்கிறது. வாய் திறந்திருக்கிறது. விழப்போகிறவர் கைக்கு எட்டிய தோளைப் பிடித்திருக்கிறார். நீ யாரென்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை, கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாய்.

அடுத்த படத்துக்குப் போனேன். அதில் நீ திரும்பிவிட்டாய், அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்திருக்கிறாய். அதற்கடுத்ததில் கூட்டத்துக்கு நடுவில் உங்கள் இருவரின் முதுகு மட்டும் தெரிகிறது. அதற்குப் பிறகு இருபது படங்களில் நீ இல்லவே இல்லை. குடும்பமாக எல்லோரும் சேர்ந்து நிற்கும் படத்தில் செல்விக்குப் பக்கத்தில் ஓர் ஆள் இடம் காலியாக இருக்கிறது. அவள் கேமராவைப் பார்க்காமல் கழுத்தை நீட்டி உன்னைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தப் படத்தில் நீ இல்லை என்று அன்று உன்னிடம் எல்லோர் முன்னாலும் கத்தினேன். வீட்டு மாப்பிள்ளைக்கு இதுகூடத் தெரியாதா என்று கேட்டேன். நீ தலையைச் சொறிந்துகொண்டு, "காபி குடிக்கப் போயிட்டேன் மச்சான்" என்றாய்.

செல்வி திரையைப் பார்த்துக்கொண்டே, "இவருக்குக் காபியே புடிக்காதேண்ணே" என்றாள். "அன்னிக்கு ஏன் நமக்குத் தோணல?"

சொல்லிவிட்டுச் சிரித்தாள். மூன்று மாதத்தில் முதல் தடவை. சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுதாள். நானும்தான். வாசலில் பேனருக்குப் பெயர் எழுதிக்கொடுக்க வந்தவர் எங்களைப் பார்த்துவிட்டு அப்புறம் வருகிறேன் என்று போய்விட்டார்.

ஏன் மாப்பிள்ளை சொல்லவில்லை? ஒரு கிழவரைப் பிடித்துக்கொண்டு போனேன் என்று சொன்னால் நான் வாயை மூடியிருக்க மாட்டேனா? சொல்லும்படி அதில் ஒன்றும் இல்லை என்று நினைத்தாயா?

என் கொள்கையும் அன்றோடு போய்விட்டது. நமக்கென்று இடம் விடும் கலைதான் அழவைக்கும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன் அல்லவா? அந்தப் படத்தில் செல்விக்கும் இடமில்லை, எனக்கும் இடமில்லை, பன்னீருக்கு இல்லவே இல்லை. ஆனால் அன்று அழுததுபோல நான் உன் சாவிலும் அழவில்லை. அப்படியானால் அழவைத்தது எது? புகைப்படமா? நான் செய்த தப்பா? இல்லை, நீயா? கலை என்று நாம் சண்டை போட்டதெல்லாம், ஓர் ஆளைச் சரியாகப் பார்க்க வைப்பதற்குத்தானா? தெரியவில்லை. நீ இருந்தால் இதற்கும் ஒரு வரியில் பதில் சொல்லி என்னை வாயடைக்க வைத்திருப்பாய்.

போகும்போது செல்வி கடை வாசலில் நின்று கேட்டாள். "அண்ணே, அந்தப் பெரியவருக்கு இவரு செத்துட்டாருன்னு தெரியாதுல்ல?"

"தெரியாதும்மா. எந்த ஊரோ என்னவோ."

"அப்ப அவரப் பொறுத்தவரைக்கும் இவரு இன்னும் இருக்காரு." செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னாள். "அடுத்த வைகாசியில தலைத்திவசத்துக்கும் இதே படத்தப் போடுங்க. கையி இருக்கட்டும். அந்தப் பெரியவரு மொகத்த மட்டும் போட்டுடாதீங்க, கண்ணீர் அஞ்சலியில போயி. எங்க இருந்தாலும் அவரு நல்லா இருக்கட்டும்."

மாப்பிள்ளை, அன்று கத்தியதற்கு என்னை மன்னித்துக்கொள். தலைத்திவசத்துக்கு உன் பேனரை நானே செய்கிறேன். அந்த ஓரத்துக் கண்ணையும் துளியையும் எடுத்துவிடுகிறேன், உனக்கு அது பிடிக்காது. உன் தோளில் இருக்கும் நான்கு விரல்களை மட்டும், ஒன்றுகூட வெட்டுப்படாமல், இந்தத் தடவை தெரிந்தே விட்டுவைப்பேன்.

தங்கையையும் யாழினியையும் பார்த்துக்கொள்ளும்,
உன் மச்சான்